சர்வர் கூட்டியதால் நின்ற பைப்லைன்: 2020 கினீசிஸ் முடக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தரவு பைப்லைன், அதாவது தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓயாமல் கொண்டுசெல்லும் அமைப்பு, திணறினால் பெரும்பாலான குழுக்கள் முதலில் செய்வது கூடுதல் சர்வர்களைச் சேர்ப்பதுதான். செலவு ஏறும், மற்றபடி கெடுதல் ஒன்றும் வராது என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தை உரசிப் பார்க்க 2020 நவம்பர் 25 அன்று நடந்ததைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அன்று அமேசான் வெப் சர்வீசஸின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் கினீசிஸ் என்ற தரவோடைச் சேவை அதிகாலையில் கெட்டது. முழுதாகச் சீராக இரவு பத்தரை மணி ஆகிவிட்டது. அதைக் கிளப்பிவிட்டது, அன்று காலை சேர்த்த கொஞ்சம் கூடுதல் சர்வர்கள். நிறுவனமே பிறகு விரிவான அறிக்கை வெளியிட்டதால் என்ன நடந்தது என்பதை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. கீழே வரும் நேரங்கள் எல்லாம் பசிபிக் நேரம். வர்ஜீனியா நேரம் வேண்டுமென்றால் மூன்று மணி கூட்டிக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

கினீசிஸைப் பயன்படுத்துபவருக்குத் தெரிவது ஷார்டு, அதாவது தரவோடையின் ஒரு பங்கு, மட்டும்தான். ஒரு ஷார்டு நொடிக்கு 1 எம்பி அல்லது 1,000 பதிவுகள் வரை வாங்கிக்கொள்ளும், 2 எம்பி வரை வெளியே கொடுக்கும். பதிவோடு வரும் சாவியை எம்டி5 என்ற ஹாஷ் கணக்கு மூலம் 128 பிட் எண்ணாக மாற்றி, அந்த எண் எந்த ஷார்டின் எல்லைக்குள் விழுகிறதோ அங்கே அனுப்புவார்கள். ஒரே சாவிக்கு ஏராளமான பதிவுகள் வந்தால் ஒரு ஷார்டு மட்டும் சூடாகும், மற்றவை சும்மா இருக்கும். கினீசிஸ் ட்யூனிங் என்று பேசினால் பெரும்பாலும் இந்தச் சூடான ஷார்டு பற்றித்தான் பேச்சு. அன்றைய கதை அதற்கு வெளியே நடந்தது.

ஷார்டுகளை உண்மையில் தாங்குபவை பின்வரிசையில் உள்ள சர்வர் தொகுதிகள். அவை சிறு சிறு அறைகளாக, ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாதபடி பிரிக்கப்பட்டவை. அவற்றுக்கு முன்னால் அன்று முன்வரிசை சர்வர்கள் பல ஆயிரம் நின்றன. வரும் கோரிக்கை யாருடையது என்று சரிபார்ப்பது, அளவு மீறினால் தடுப்பது, சரியான பின்வரிசைத் தொகுதிக்குத் திருப்பிவிடுவது எல்லாம் இவற்றின் வேலை. திருப்பிவிட வேண்டுமென்றால் எந்த ஷார்டு எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கையில் இருக்க வேண்டும். அன்று ஒவ்வொரு முன்வரிசை சர்வரும் அந்த வரைபடத்தைத் தன் கேஷில், அதாவது உடனே எடுக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைத்திருந்தது. அதற்கான தகவல் மூன்று வழிகளில் வந்தது: உறுப்பினர் விவரம் தரும் ஒரு மைக்ரோசர்வீஸ் (சிறு துணைச் சேவை), டைனமோடிபி என்ற தரவுத்தளத்தில் உள்ள அமைப்பு விவரம், அப்புறம் மற்ற முன்வரிசை சர்வர்கள் இடைவிடாமல் அனுப்பும் செய்திகள்.

சிக்கல் இந்த மூன்றாவது வழியில் இருந்தது. சக சர்வர்களோடு பேச, ஒவ்வொரு சர்வரும் மற்ற ஒவ்வொன்றுக்கும் ஓர் இயங்குதள த்ரெட், அதாவது தனியாக ஓடும் ஒரு வேலை இழை, திறந்து வைத்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சர்வர் இருந்தால் ஒவ்வொன்றிலும் 999 த்ரெட். மொத்தமாகப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. புதிதாக 50 சேர்த்தால் பழைய ஆயிரத்திலும் தலைக்கு 50 த்ரெட் ஏறும். வரும் தரவின் அளவு துளிகூட மாறாமல் இருந்தாலும் ஏறும்.

இதை நிதானமாக யோசித்தால்தான் விஷயம் பிடிபடும். பைப்லைனில் நாம் வழக்கமாகக் கண்காணிக்கும் எண்கள் எல்லாம் போக்குவரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குபவை: சிபியு, நினைவகம், நொடிக்கு எத்தனை பதிவு, தாமதம். கூடுதல் சர்வர் சேர்த்தால் ஒவ்வொரு சர்வரிலும் இவை குறையும். த்ரெட் எண்ணிக்கை மட்டும் எதிர்த்திசையில் போகிறது. மற்ற எல்லாவற்றையும் ஆற வைக்கும் அதே செயல் இதைச் சூடாக்குகிறது. டேஷ்போர்டில் பத்து கிராஃப்கள் பச்சையாகிக்கொண்டிருக்கும்போது, வரையப்படாத பதினொன்றாவது சிவப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த நாள்

அதிகாலை 2:44க்கு முன்வரிசையில் கூடுதல் சர்வர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அறிக்கையின்படி அது ஒப்பீட்டளவில் சிறிய சேர்க்கைதான். 3:47க்கு வேலை முடிந்தது. முதல் அலாரம் அடித்தது 5:15க்கு. தரவை எழுதுவதிலும் படிப்பதிலும் பிழைகள்.

வேலை முடிந்து அலாரம் அடிக்க ஒன்றரை மணி நேரம். புதிதாக வந்த சர்வரைப் பற்றிப் பழைய சர்வர்கள் அறிந்துகொள்ளவே ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது அறிக்கை. மாற்றம் செய்துவிட்டு அரை மணி நேரம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நகரும் வழக்கம் உள்ள குழுக்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு மாற்றத்தின் விளைவு அமைப்பு முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல், அதன் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முடிவு செய்ய முடியாது.

அலாரம் அடித்ததும் கூடுதல் சர்வர்கள் மீது சந்தேகம் விழாமல் இல்லை. ஆனால் கண்ணில் பட்ட பிழைகளில் பல, புதிய சர்வர்களோடு தொடர்பில்லாதவை போலவும், அவற்றை நீக்கினாலும் தொடரும் போலவும் தோன்றின. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக நீக்கத் தொடங்கினார்கள். பழைய சர்வர், புதிய சர்வர் என்று வேறுபாடில்லாமல் எல்லா வகை அழைப்புகளிலும் பிழை. எது மூலம், எது பக்கவிளைவு என்று பிரிப்பதிலேயே நேரம் போனது. 7:51 வாக்கில் சந்தேகம் ஓரிரு காரணங்களுக்குச் சுருங்கியது. எதுவாக இருந்தாலும் முன்வரிசை முழுவதையும் மறுதொடக்கம் செய்தாக வேண்டும் என்பதும் தெளிவானது. 9:39க்குத்தான் மூல காரணம் உறுதியானது. நினைவக நெருக்கடியாக இருக்கலாம் என்ற ஊகம் பொய்த்தது. இயங்குதள அமைப்பில் வைத்திருந்த அதிகபட்ச த்ரெட் எண்ணிக்கையை முன்வரிசையின் எல்லா சர்வர்களும் தாண்டியிருந்தன. வரம்பு தாண்டியதால் வரைபடக் கேஷ் கட்டி முடிக்கப்படாமல் பாதியில் நின்றது. பயனற்ற வரைபடத்தோடு இருந்த சர்வர்களால் எந்தக் கோரிக்கையையும் சரியான இடத்துக்கு அனுப்ப முடியவில்லை.

முதல் அலாரத்திலிருந்து காரணம் தெரிய நாலரை மணி நேரம். இதில் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. த்ரெட் வரம்பு என்பது தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளாத பழுது. உதாரணத்துக்கு ஜாவாவில் எழுதிய நிரல் புதிய த்ரெட் திறக்க முடியாமல் போனால் அது எறியும் பிழையின் பெயர் 'அவுட் ஆஃப் மெமரி எரர்'. பின்னால் ஒட்டியிருக்கும் வாசகத்தைப் படித்தால்தான் த்ரெட் என்று தெரியும். அலாரம் விதி பிழையின் பெயரை மட்டும் பிடித்து அனுப்பினால், இரவில் எழுப்பப்பட்டவர் ஹீப் (நிரலின் நினைவகப் பகுதி) அளவைத் தோண்டிக்கொண்டிருப்பார். சர்வரில் தாராளமாக நினைவகம் மீதி இருக்கும்போதே இந்தப் பிழை வரும். லினக்ஸில் பயனருக்கான செயல்முறை வரம்பு, கெர்னலின் மொத்த த்ரெட் வரம்பு, பிஐடி எனப்படும் செயல்முறை எண்களின் உச்சம், கன்டெய்னருக்கு வைத்த வரம்பு என்று இந்தக் கட்டுப்பாடு பல அடுக்குகளில் உட்கார்ந்திருக்கிறது. எதில் முட்டினாலும் நிரலுக்குக் கிடைக்கும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான்.

காரணம் தெரிந்த பிறகும் மீட்சி மெதுவாகவே வந்தது. வரம்பைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சோதிக்காமல் அதைச் செய்ய அவர்கள் விரும்பவில்லை. கூடுதல் சர்வர்களை நீக்கும் வேலை அதற்குள் முடிந்திருந்ததால் த்ரெட் எண்ணிக்கை வரம்புக்குள் வந்துவிடும் என்று கணக்கிட்டு மறுதொடக்கத்தில் இறங்கினார்கள். 10:07க்கு முதல் தொகுதி சர்வர்கள் கோரிக்கைகளை வாங்கத் தொடங்கின. அதன் பிறகு மணிக்குச் சில நூறு சர்வர்கள் என்ற வேகம்தான் முடிந்தது. ஏனென்றால் வரைபடத்தைக் கட்டுவதற்கும் கோரிக்கையைக் கவனிப்பதற்கும் சர்வரில் இருப்பது ஒரே வளம். அவசரப்பட்டு ஏற்றினால் இரண்டும் அதற்காக மோதும், கோரிக்கைக்கு ஒன்றும் மிஞ்சாது. மந்தமான சர்வரை 'நலமில்லை' என்று தானியங்கிச் சரிபார்ப்பு வெளியே தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. நண்பகலிலிருந்து பிழை விகிதம் படிப்படியாக இறங்கி, இரவு 10:23க்கு நிலைமை சீரானது.

தொடக்க நேரம் என்பது நம்மில் பலர் அளக்கவே அளக்காத ஒன்று. ஒரு சர்வர் காலியான கேஷோடு எழுந்து முழு வேகத்துக்கு வர எத்தனை நிமிடம்? எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால் எத்தனை? அமைதியான நாளில் இதற்கு விடை தேடுவதில்லை. மொத்தமும் விழுந்த நாளில் மீட்சி நேரத்தை முடிவு செய்வது இந்த எண்தான்.

ஓரத்தில் இருந்தவை உள்ளே விழுந்தன

கினீசிஸ் மட்டும் நின்றிருந்தால் சேதம் இவ்வளவு பரவியிருக்காது. அன்று சுற்றியிருந்த சேவைகளுக்கு நேர்ந்ததுதான், பைப்லைன் கட்டுபவர்களுக்கு இந்த நிகழ்வின் கனமான பகுதி என்பது என் கருத்து.

காக்னிட்டோ என்பது பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் சேவை. அதன் ஏபிஐகளை யார் எப்படி அழைக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் கினீசிஸுக்கு அனுப்பி ஆராய்வார்கள். முடிந்தால் அனுப்பு, முடியாவிட்டால் விடு என்ற ரகத் தரவு. சிறிய இடையூறுகளைச் சமாளிக்க உள்ளூரில் ஒரு பஃபரும், அதாவது தற்காலிகத் தேக்கமும், இருந்தது. கினீசிஸ் நீண்ட நேரம் படுத்துவிட்டதால் பஃபர் நிரலில் மறைந்திருந்த ஒரு பிழை கிளம்பியது. தேங்கிய பஃபருக்காக வெப்சர்வர்களே காத்துநிற்கத் தொடங்கின. விளைவு, பயனர்களால் உள்நுழைய முடியவில்லை. இங்கேயும் முதலில் கையாண்ட வழி கூடுதல் சர்வர் சேர்ப்பது, அதாவது தேக்கிவைக்கும் இடத்தைப் பெரிதாக்குவது. கொஞ்ச நேரம் தாங்கியது. 7:01க்குப் பிழைகள் மறுபடி எகிறின. கினீசிஸைச் சார்ந்திருப்பதைக் குறைக்கும் மாற்றத்தை 10:15க்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் குறைந்தன. 2:18 பிற்பகலில் சீரானது.

கேட்டதும் வாடிக்கையாளரின் நிரலை ஓட்டித்தரும் லாம்டா சேவையில் நடந்தது வேறு மாதிரி. நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் அதன் மெட்ரிக்குகள் (இயக்க அளவுகள்) கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவைக்குப் போக வேண்டியிருந்தன. கிளவுட்வாட்ச் கினீசிஸ் மேல் ஓடியது. அது வாங்காதபோது லாம்டாவின் முகவர் நிரல் மெட்ரிக்குகளை உள்ளூரிலேயே சேர்த்துவைத்தது. காலை 6:15 வாக்கில் இந்தச் சேமிப்பு ஊதிப் பெருத்து, வாடிக்கையாளர்களின் நிரல்கள் ஓட வேண்டிய நினைவகத்தையே பிடுங்க ஆரம்பித்தது. 10:36க்கு அதைச் சரிசெய்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பஃபர் நிரம்பியதும் முக்கிய வேலையை நிறுத்தியது. இன்னொன்று வளர்ந்து முக்கிய வேலையின் இடத்தை விழுங்கியது. பஃபர் நிரம்பும்போது செய்யக்கூடியவை மூன்றுதான்: நிற்பது, வளர்வது, கொட்டிவிடுவது. புள்ளிவிவரம், லாக், மெட்ரிக் போன்ற துணைத் தரவுக்கு மூன்றாவதுதான் சரி. கொட்டியது எவ்வளவு என்பதற்கு ஓர் எண்ணி மட்டும் வைத்தால் போதும். ஆனால் நிரல் எழுதும்போது தரவை இழப்பது தப்பு என்ற உணர்வு கையைப் பிடித்து இழுக்கும். யாரும் வெளிப்படையாக முடிவெடுக்காவிட்டால் நூலகத்தின் இயல்பான அமைப்பு முடிவெடுத்துவிடும். உங்கள் நிரலில் லாக் அனுப்பும் அழைப்பு எதிர்முனை மௌனமானால் எத்தனை நொடி காத்திருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவையுங்கள். எதிர்முனை உடனே மறுப்பது வேறு, பதிலே சொல்லாமல் இழுப்பது வேறு. இரண்டாவதை யாரும் சோதிப்பதில்லை.

தேக்கிவைத்ததைத் தீர்க்கும் கணக்கும் இங்கே சேர்த்தி. வரும் தரவைவிட 25 சதவீதம் அதிகமாகக் கையாளக்கூடிய பைப்லைன் நான்கு மணி நேரம் நின்றால், தேக்கம் தீர 16 மணி நேரம் ஆகும். ஏனென்றால் புதிதாக வருவதைக் கவனித்தது போக மிஞ்சுவது அந்தக் கால் பங்குதான். வழக்கமான நாளில் வசதியாகத் தெரியும் உபரி, தேக்கத்தின் முன் ஒன்றுமில்லை.

கண்காணிப்பே கண்ணை மூடியபோது

கிளவுட்வாட்ச் கினீசிஸ் மேல் ஓடியதால் 5:15 முதல் மெட்ரிக்குகளும் லாக்குகளும் சரியாக வந்து சேரவில்லை. அலாரங்கள் பல 'போதிய தரவு இல்லை' என்ற நிலைக்குப் போயின. இது இங்கே முக்கியம். பிழை அதிகமானால் அடி என்று எழுதிய அலாரம், எண்ணே வராவிட்டால் அடிக்காது. கிளவுட்வாட்சில் வராத தரவை என்ன செய்வது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். மீறலாகக் கருதலாம், மீறல் இல்லை என்று கருதலாம், பழைய நிலையிலேயே விடலாம். எதையும் தொடாவிட்டால் அது போதிய தரவு இல்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். புரொமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் இதற்கு எண் வரவில்லையா என்று கேட்கும் தனிச் சார்பே உண்டு. இன்னொரு வழி, எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலாரத்தை வைத்து, அது நின்றால் வேறொரு வெளி அமைப்பு கூப்பிடும்படி செய்வது.

கிளவுட்வாட்ச் எண்களை நம்பி சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலிங்கும் மாலை 5:47 வரை தாமதமாகவே இயங்கியது. வாடிக்கையாளர்களுக்கு நிலவரம் அறிவிக்கும் பலகையைப் புதுப்பிக்கும் கருவி காக்னிட்டோவைச் சார்ந்திருந்தது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். சார்புகள் குறைவான மாற்றுக் கருவி ஒன்று கையில் இருந்தது. ஆனால் அதைக் கையாள வேண்டியவர்களுக்கு அது அவ்வளவு பழக்கமில்லை. அறிவிப்பும் தாமதமானது.

தாமதத்தை அளக்கும் முறையிலும் இதே ஓட்டை உண்டு. ஓடையில் படிப்பவர் (தரவை எடுக்கும் நிரல்) எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். எழுதுபவர் பக்கமே நின்றுபோனால் படிப்பவர் எல்லாவற்றையும் படித்து முடித்து, பின்தங்கல் பூஜ்யம் என்று பெருமையாகக் காட்டும். அதற்குப் பதிலாகப் பைப்லைனின் கடைசி அட்டவணையில் உள்ள மிகப் புதிய நிகழ்வின் நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், பழுது எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அந்த எண் ஏறும். ஒரே ஒரு அலாரம் வைக்கத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

என்ன மாற்றினார்கள், அதில் என்ன இருக்கிறது

உடனடித் திருத்தங்களில் முதலாவது, முன்வரிசையைப் பெரிய சிபியுவும் நினைவகமும் கொண்ட சர்வர்களுக்கு மாற்றி மொத்த எண்ணிக்கையைக் குறைப்பது. சிறிய சர்வர் பல என்பதுதான் மேகக்கணினி யுகத்தின் வேதவாக்கு. இங்கே போனது நேர் எதிர்த்திசை. ஒருவரோடொருவர் பேச வேண்டிய அமைப்பில் பேச்சின் அளவு தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, தலையின் வலுவைப் பொறுத்ததல்ல. கணினித் திறன் ஆய்வாளர் நீல் குந்தரின் விரிவாக்கச் சூத்திரம் இதைச் சொல்கிறது: ஒத்திசைவுச் செலவு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கத்தில் வளர்வதால், ஒரு கட்டத்துக்கு மேல் சர்வர் சேர்க்கச் சேர்க்க மொத்தத் திறன் இறங்கும். அந்தச் சூத்திரத்தில் இறக்கம் சரிவாக வரும், முன்கூட்டியே கண்ணில் படும். கினீசிஸில் கடினமான வரம்பு குறுக்கே நின்றதால் சரிவே இல்லை, நேராகப் பள்ளம்.

இரண்டாவது, த்ரெட் பயன்பாட்டுக்கு நுணுக்கமான அலாரம். இதில் ஒரு கேள்வி இருக்கிறது. வரம்பை நெருங்கும் எண்களுக்குப் போக்கை நீட்டிப் பார்த்து எச்சரிக்கும் அலாரம் வைப்பது வழக்கம். வட்டு நிரம்புவதற்கு அது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் வட்டு மெல்ல மெல்ல நிரம்புகிறது. த்ரெட் எண்ணிக்கையோ வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து, சர்வர் சேர்க்கும் நாளில் படியாகத் தாவும். போக்கு கணிக்க அங்கே எதுவும் இல்லை. அதனால் இந்தச் சோதனை சர்வர் சேர்க்கும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும்: இத்தனை சேர்த்தால் ஒவ்வொன்றிலும் த்ரெட் எத்தனை ஆகும், வரம்பில் எத்தனை சதவீதம், குறித்த அளவைத் தாண்டினால் சேர்க்க மறு. தரவுத்தள இணைப்புகளுக்கும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புதான் அனுமதிக்கும். பைப்லைனில் ஒவ்வொரு பணியாளரும் (வேலை செய்யும் நிரலும்) ஐந்து இணைப்பு வைத்திருந்தால் இருபதாவது பணியாளரோடு கதவு மூடிவிடும். திறக்கும் கோப்புகளுக்கும் அப்படியே.

தொடக்க நேரத்தைக் குறைக்க, வரைபடக் கேஷை முன்வரிசையிலிருந்து பிரித்துத் தனி சர்வர் தொகுதிக்கு நகர்த்துவது அடுத்த திட்டம். கிளவுட்வாட்ச் போன்ற பெரிய உள் சேவைகளுக்கு முன்வரிசையில் தனிப் பகுதி ஒதுக்குவதும் அதோடு வந்தது. கிளவுட்வாட்ச் தன் பங்குக்கு மூன்று மணி நேர மெட்ரிக்குகளை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளும்படி மாறியது. ஆட்டோஸ்கேலிங் போன்றவை அண்மை எண்களை அங்கிருந்தே படித்துக்கொள்ளலாம்.

நடுத்தர காலத் தீர்வு, பின்வரிசையில் ஏற்கெனவே இருந்த அறைப் பிரிப்பை முன்வரிசைக்கும் கொண்டுவருவது. 1,000 சர்வர்களை நூறு நூறாகப் பத்து அறைகளாக்கினால் ஒவ்வொன்றிலும் த்ரெட் 999லிருந்து 99 ஆகிறது. கூடுதல் திறன் வேண்டுமென்றால் பதினொன்றாவது அறையைத் திறக்கலாம், பழைய பத்துக்கும் தெரியவே தெரியாது. சோதித்துப் பார்த்த அளவுக்குள்ளேயே எப்போதும் ஓடலாம் என்பதுதான் இதன் பெரிய ஆதாயம். பல ஆயிரம் சர்வர் கொண்ட கூட்டத்தை அப்படியே சோதனைக்கூடத்தில் யாராலும் எழுப்ப முடியாது, ஓர் அறையை எழுப்பலாம். அதனால் அறையின் அளவைத் தீர்மானிக்க நல்ல அளவுகோல், முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க நம்மால் எவ்வளவு முடியும் என்பது. இந்த வேலை நவம்பருக்கு முன்பே முன்வரிசையில் தொடங்கியிருந்தது, பெரிய வேலை என்பதால் முடியவில்லை. இதற்கு விலையும் உண்டு. யாரை எந்த அறைக்கு அனுப்புவது என்று சொல்ல மேலே இன்னோர் அடுக்கு வேண்டும். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஓர் அறைக்குள் அடங்காமல் போகலாம். ஓர் அறை நிரம்பி மற்றது காலியாகக் கிடக்கும்போது மொத்தத் திறனில் ஒரு பங்கு வீணாகும். அந்த மேல் அடுக்குக்கும் ஒரு வரம்பு இருக்கும், அதற்கும் ஓர் அலாரம் வைத்தாக வேண்டும்.